வெறும் வயிற்றில் விஞ்சு

காதர் பாய் கையை உயர்த்தினார். உள்ளங்கை மேலே பார்த்தால் தூக்கு என்று அர்த்தம். கீழே பார்த்தால் இறக்கு. அன்றைக்கு அது எந்தப் பக்கம் பார்த்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய ஒரு கை எனக்கு இரண்டு கையாகத் தெரிந்தது.

காலை பத்து மணி இருக்கும். ரங்கூனிலிருந்து வந்த அரிசிக் கப்பல். அதன் மேல்தளத்தில் விஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். விஞ்சு என்பது மூட்டைகளை மேலே இழுக்கும் நீராவி இயந்திரம். கைக்கு ஒரு லீவர், காலுக்கு ஒரு பிரேக். கப்பலின் அடியறையில் ஆட்கள் எட்டு மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள். நான் இழுப்பேன். அடியறைக்குள் என்ன நடக்கிறது என்பது நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும் காதர் பாயின் கைதான் எனக்குக் கண்.

பங்குனி வெயில். தளத்து இரும்பு சுட்டது. ஆனால் என் முதுகில் ஓடிய வேர்வை சில்லென்று இருந்தது. முதலில் விரல் நுனிகள் நடுங்கின. பிறகு முழங்கால். விஞ்சின் சத்தம் யாரோ தூர எடுத்துப் போவதுபோல மெல்லக் குறைந்தது. நாக்கு மரத்துப்போயிற்று.

எட்டு மூட்டைகளும் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நேர் கீழே என் சிநேகிதன் அந்தோணி குனிந்து அடுத்த வலையை விரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்குக் கண் இருட்டியது.

எங்கள் பக்கத்துக் காலைகள்

அந்த இருட்டுக்குள் போவதற்கு முன்னால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும். சொல்வது நான், எழுதுவது என் மகள். "ராயபுரத்துப் பேச்சிலேயே எழுதட்டுமா?" என்று எழுத ஆரம்பித்த முதல் வாரமே கேட்டாள். பேசுகிறவர்கள் அந்தப் பேச்சிலேயே பேசட்டும், மீதியை நீ படித்த தமிழில் எழுது என்று சொல்லிவிட்டேன்.

ராயபுரத்தில் அந்த நாளில் விடியும்போதே தெருவில் சாப்பாட்டு வாசனை வந்துவிடும். ஒரு முனையில் ஆப்பம், மறுமுனையில் புட்டு. மீன் பிடித்துத் திரும்பியவர்கள் கரையிலேயே உட்கார்ந்து பழைய சோற்றைப் பிழிந்து தின்பார்கள். துறைமுக வாசலுக்கு வெளியே வரிசையாகக் கூழ்ப்பானைகள். ஒரு கலயம் கேழ்வரகுக் கூழ், கிள்ளிப்போட்ட வெங்காயம், வறுத்த நெத்திலி. அதைக் குடித்துவிட்டு உள்ளே போனால் மத்தியானச் சங்கு ஊதும்வரை மூட்டை கனக்காது.

உடம்பை வைத்துப் பிழைக்கிறவன் காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போவான் என்று நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. வறுமையில் சாப்பிடாதவர்கள் உண்டு. ஆனால் எதிரே கலயம் இருக்க, எழுந்து போனவன் நான் ஒருவன்தான்.

முனுசாமி

விஞ்சுக்கு வருவதற்கு முன்னால் நானும் மூட்டை சுமந்தவன்தான். என்னோடு சேர்ந்து சுமந்தவன் முனுசாமி. கொருக்குப்பேட்டைக்காரன். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். காலையில் வாசலில் ஒரே பானையில் கூழ் வாங்குவோம். அவன் கலயத்தில் மிஞ்சும் நெத்திலியை என் கலயத்தில் போடுவான். தலைப்பகுதி அவனுக்குப் பிடிக்காது.

ஒருநாள் அப்படிக் குடித்துவிட்டு உள்ளே போனோம். தேக்குமரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு பழசு. மேலே போன மரம் அசைந்தது, சாய்ந்தது, அவ்வளவுதான். நான் முனுசாமிக்கு நாலு அடி தள்ளி நின்றிருந்தேன்.

பார்த்ததை எழுதவேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த கூழ் அப்படியே வந்தது.

அதற்குப் பிறகு கூழின் வாசனை பட்டால் எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வரும். புளித்த மாவின் வாசனை மூக்கில் ஏறியதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆப்பம், பழைய சோறு, எதுவானாலும் அதே கதைதான். மத்தியானம் சாப்பிட முடிந்தது, இராத்திரி முடிந்தது. வேலைக்குப் போகும் முன்னால் மட்டும் ஒரு வாய் இறங்காது.

சில மாதம் கழித்து, நிதானமானவன் என்று சொல்லி மேஸ்திரி என்னை விஞ்சில் நிறுத்தினார். நிதானமானவன்! மரம் விழுந்ததைப் பார்த்தவனிடமே தூக்குகிற லீவரைக் கொடுத்தார்கள். முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை.

ஒரு டம்ளர் டீ

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்தில் டீக்கடைகள் பெருகின. டீ எனக்கு வசதியாக இருந்தது. மெல்லவேண்டியதில்லை, புளித்த வாசனை இல்லை. சூடாக இரண்டு மடக்கு, நிறையச் சர்க்கரை. சில நாள் கூடவே டீயில் நனைத்த ஒரு பொறை ரொட்டி. வயிற்றுக்குள் ஏதோ போனதுபோல இருக்கும்.

"துன்ட்டியா?" என்று என் மனைவி மங்கம்மா கேட்பாள்.

"வாசல்ல கூழு குட்ச்சிக்கிறேன்மே," என்பேன்.

துறைமுக வாசலில் யாராவது கேட்டால், "வூட்ல துன்ட்டேன்," என்பேன்.

இப்படி இரண்டு பக்கமும் பொய். ஒரு மணி நேரம் டீயின் தெம்பில் ஓடும். ஒன்பது மணிக்கு மேல் கை நடுங்கும். யாராவது பேசினால் காரணமில்லாமல் கோபம் வரும். சில சமயம் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். மத்தியானம் சோறு சாப்பிட்டதும் எல்லாம் போய்விடும். போய்விடுவதால் அதைப் பசி என்று நான் நினைக்கவில்லை. முனுசாமி என்று நினைத்தேன்.

சிரிக்காதீர்கள். முனுசாமி இறந்த நேரம் எதுவோ, அந்த நேரத்துக்குத்தான் அவன் தினமும் வருகிறான் என்று நம்பினேன். சில நாள் அதைவிடப் பயங்கரமான எண்ணம் வரும்: இது காக்காய்வலிப்பு. மேஸ்திரிக்குத் தெரிந்தால் அன்றே வெளியே போகச் சொல்வார். வலிப்புக்காரனுக்கு ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ஒருவரும் வேலை கொடுக்கமாட்டார்கள்.

பயத்தால் சாப்பிடவில்லை. சாப்பிடாததால் நடுக்கம் வந்தது. நடுக்கத்தைப் பார்த்து இன்னும் பயந்தேன். இதை இன்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு இதில் ஒன்றுகூடப் புரியவில்லை. இரண்டு மாதம் அந்த இருட்டை மறைத்துக்கொண்டு, மனிதர்களின் தலைக்குமேல் மூட்டைகளைத் தூக்கினேன்.

அரிசி சிந்தியது

இப்போது அந்தப் பங்குனிக் காலைக்கு வருகிறேன்.

கண் இருட்டியதும் என் கை லீவரிலிருந்து நழுவியது. கால் பிரேக்கை மிதிக்கவேண்டும் என்று நினைத்தேன், கால் நகரவில்லை. உருளை கடகடவென்று பின்னால் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கனவில் வரும்.

பிறகு என் தோளில் ஒரு மோதல். கீழே விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது காதர் பாய் பிரேக்கின்மேல் இரண்டு காலாலும் ஏறி நின்றுகொண்டிருந்தார். இரும்புக் கயிறு விண்ணென்று விறைத்து ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு சத்தமும் இல்லை. அடியறைக்குள் இருந்து ஒரு குரலும் வரவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. நாலு மூச்சு இருக்கலாம். அந்த நாலு மூச்சில் அந்தோணியின் மனைவிக்கும் மூன்று குழந்தைகளுக்கும் முன்னால் போய் நின்று நான் என்ன சொல்வேன் என்று யோசித்து முடித்துவிட்டேன்.

அப்புறம் கீழேயிருந்து அந்தோணியின் குரல் கேட்டது.

"டேய் கன்னியப்பா! அரிசிய கீய கொட்டிகினு கீற, எவன்டா பொறுக்கறது?"

தவழ்ந்துபோய் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வலை அந்தோணியின் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றிருந்தது. நின்ற குலுக்கலில் ஒரு மூட்டை மட்டும் நழுவி, அவன் காலுக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்திருந்தது. கணுக்கால்வரை வெள்ளை அரிசியில் நின்றுகொண்டு அவன் மேலே பார்த்துச் சிரித்தான். வலை சரியாகக் கட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அவன் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காதர் பாய் என்னைத் தூக்கி நிறுத்தினார். மேஸ்திரி ஓடி வந்தபோது, "வயித்து வலியாம், ரொம்ப பேஜாரா கீதாம், வூட்டுக்கு அனுப்பு," என்றார். மேஸ்திரி வேறு ஆளைத் தேடிப் போனதும் பாய் என் காதோடு பேசினார். குரல் கோபமாக இல்லை.

"கண்ணு சொருகிக்கிச்சு. நான் பாத்தேன். எத்தினி நாளா?"

என் பார்வை அடியறையின் பக்கம் போனது.

"மேஸ்திரிகிட்ட சொல்லமாட்டேன். ஆனா கீய நிக்கறான் பாரு அந்தோணி, அவன்கிட்ட நீ சொல்லணும். இன்னிக்கே சொல்லணும். அவனுக்குத் தெரியாம நாளைக்கு நீ லீவர்ல கைய வெச்சேன்னா, நானே சொல்லிடுவேன்."

மங்கம்மாவின் கேள்விகள்

பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தவனைப் பார்த்ததும் மங்கம்மா கருவாட்டுக் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக மூடி வைத்திருந்ததெல்லாம் தானாக வெளியே வந்தது. முனுசாமி வருகிறான் என்றேன். வலிப்பாக இருக்கும் என்றேன். அந்தோணியைக் கொன்றிருப்பேன் என்றேன்.

அவள் அழவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது.

"காத்தால இன்னா துன்ன?"

"இப்ப அதுவாமே முக்கியம்?"

"இன்னா துன்னன்னு கேட்டேன்."

"டீ."

"நேத்து?"

"டீ."

"அதுக்கு முந்தா நாளு?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளிடம் சொன்ன பொய் எல்லாம் அதிலேயே தெரிந்துவிட்டது. அவள் முகம் மாறியது. ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் கேள்விகளைத் தொடர்ந்தாள். முதலில் வருவது வேர்வையா நடுக்கமா? வேர்வை சூடா, சில்லென்றா? கோபம் வருமா? சோறு தின்றதும் போய்விடுமா?

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"போன ஆடியில தீ மிதிக்க வெரதம் இருந்தேனே, ஞாபகம் கீதா? மூணாம் நாளு கொழாயடில வுழுந்தேனே. இதே தான்யா. மொதல்ல வெரலு நடுங்கிச்சி. அப்பால வேர்வ. உன்கிட்ட எரிஞ்சி எரிஞ்சி வுழுந்தேன். அப்பால கண்ணு இருட்டிச்சி. வெல்லத் தண்ணி குடுத்தாங்க, எழுந்து குந்திகினேன். எனுக்கு எந்தப் பேயும் புடிக்கல. பசி."

"பசிச்சா எனுக்குத் தெரியாதா?"

"பயத்துல பசி தெரியாதுய்யா."

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. பேய்க்குப் பயந்தவனிடம் அது கூழ் குடித்தால் போய்விடும் என்றால் எப்படி நம்புவான்? ஆனால் மத்தியானச் சோறு உள்ளே போனதும் நடுக்கம் நின்றது. அவள் என் விரல்களைப் பிடித்துத் தூக்கி என் கண்ணுக்கு நேரே காட்டினாள். அசையவில்லை.

அந்தோணியிடம் சொன்னது

சாயங்காலம் அந்தோணியின் வீட்டுக்குப் போனேன். கிறிஸ்தவக் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சந்து. அவன் வாசலில் உட்கார்ந்து கடைசிக் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வயித்து வலி எப்டி கீது?" என்று கேட்டான்.

வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

"வயித்து வலி இல்ல அந்தோணி. எனுக்குக் கண்ணு இருட்டிச்சி. லீவர வுட்டுட்டேன்."

அவன் துவட்டுவதை நிறுத்தினான்.

"இன்னிக்கு மட்டும் இல்ல. ரெண்டு மாசமா நடுங்குது."

அவன் குழந்தையை உள்ளே அனுப்பினான். மெதுவாக எழுந்து நின்றான். அடிப்பான் என்று தெரிந்தது, நான் நகரவில்லை. கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்துக்கொண்டது. அவன் கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு மாசமா உன்ன நம்பிகினு கீய நின்னுகினு கீறேன்டா," என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான். மங்கம்மா சொன்ன காரணத்தை நான் மூடிய கதவுக்குத்தான் சொன்னேன். காலையில் சாப்பிடாததால் வருகிறது என்று அவள் சொல்கிறாள், உண்மையா தெரியாது என்றேன்.

விடிவதற்குள் கதவு தட்டப்பட்டது

மறுநாள் இருள் பிரியும் நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அந்தோணி. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். இல்லையென்றால் சண்டைக்கு வந்திருக்கிறான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "தங்கச்சி, கூழு கீதா?" என்று மங்கம்மாவைக் கேட்டான்.

"கீதுண்ணே."

"இவனுக்கு ஊத்து."

அவன் என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மங்கம்மா கலயத்தை வைத்தாள். மோர் கலந்து கரைத்த கேழ்வரகுக் கூழ். பக்கத்தில் தட்டில் வதக்கிய முருங்கைக்கீரையும் வெங்காயமும். நெத்திலி வைக்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

"குடி," என்றான் அந்தோணி. "நீ குட்ச்சி முடிக்காம நான் கப்பலுக்குள்ள எறங்கமாட்டேன். எறங்கலன்னா எனுக்கும் வேல போச்சு. உன் இஷ்டம்."

கலயத்தை எடுத்தேன். வாசனை ஏறியது. முனுசாமி, மரம், நாலு அடி தூரம். ஒரு வாய் குடித்தேன். ஓடிப்போய்க் கழுநீர்த் தொட்டியில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அந்தோணி அசையாமல் உட்கார்ந்திருந்தான். மங்கம்மா வாய் துடைக்கத் துணி கொடுத்துவிட்டு, கூழை எடுத்துக்கொண்டு போய், ஒரு கிண்ணத்தில் அவித்த பச்சைப்பயறு கொண்டுவந்தாள்.

"ஒண்ணொண்ணா துன்னு," என்றாள். "யாரும் தொரத்தல."

ஒவ்வொரு பயறாக மென்றேன். கிண்ணத்தில் பாதி போனது. வாசலில் வெளிச்சம் வந்துவிட்டது. அந்தோணி எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "வா," என்றான். துறைமுகம்வரை அவன் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தான்.

அன்று லீவரைத் தொட்டபோது எனக்கு இருந்த பயம் முந்தின நாளைவிடப் பெரிது. இப்போது கீழே நிற்பவனுக்கும் தெரியும். ஒவ்வொரு வலை மேலே வரும்போதும் அவன் கீழேயிருந்து என் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. ஒன்பது மணி ஆனது. விரலைப் பார்த்தேன். பத்து ஆனது. மறுபடியும் பார்த்தேன். முதுகு வேர்த்தது, வெயிலின் வேர்வைதான், சூடாக இருந்தது. மத்தியானச் சங்கு ஊதியபோது லீவரைப் பிடித்தபடியே அழுதேன். காதர் பாய் திரும்பி நின்றுகொண்டு கடலைப் பார்த்தார்.

ஏமாற்றிய நாள்

அந்தோணி தினமும் வந்தான். பயறு முழுக் கிண்ணமானது. பயறோடு கம்பு தோசை சேர்ந்தது. சில நாள் ஒரு முட்டை. மெல்ல மெல்லக் கூழும் திரும்பி வந்தது. பத்து, பன்னிரண்டு நாள் நடுக்கமே இல்லை.

நடுக்கம் போனதும் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. ஒருநாள் அந்தோணி வர நேரமாயிற்று. மங்கம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அன்று காலையில் முனுசாமி கனவில் வந்திருந்தான், தொண்டை அடைத்திருந்தது. ஒரு நாள்தானே என்று கலயத்தைக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்தேன். அந்தோணி வந்து காலிக் கலயத்தைப் பார்த்துத் தலையசைத்தான். வழியில் ஒரு டீ குடித்தேன்.

பத்துமணிக்குச் சற்று முன்னால் விரல் நுனி நடுங்கியது.

அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட பயத்தை எதனோடும் ஒப்பிடத் தெரியவில்லை. ஆனால் இந்தமுறை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த வலையைத் தளத்தின்மேல் ஓரமாக இறக்கினேன். பிரேக்கைப் போட்டேன். லீவரிலிருந்து கையை எடுத்து இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்தினேன்.

"பாய், எனுக்கு முடியல. காத்தால துன்னல."

தளத்தில் எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னேன். மேஸ்திரிக்கும் கேட்டது. அவர் கத்திக்கொண்டே வந்தார். காதர் பாய் தன் சாப்பாட்டு மூட்டையை அவிழ்த்து, கோதுமை ரொட்டியும் பருப்பும் என் கையில் வைத்தார். நின்றபடியே தின்றேன். அடியறையிலிருந்து ஏணியில் ஏறி வந்த அந்தோணி, தலையை மட்டும் விளிம்புக்குமேல் நீட்டி என்னைப் பார்த்தான். இன்னொரு அறை விழும் என்று நினைத்தேன்.

"நிறுத்தினியே," என்றான். "அது போதும்." மறுபடியும் கீழே இறங்கினான்.

மேஸ்திரி என்னை வெளியே அனுப்பவில்லை. விஞ்சுக்காரன் வெறும் வயிற்றோடு கப்பலேறக் கூடாது என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் திட்டினார். திட்டுதான், ஆனால் அதற்குப் பிறகு காலையில் எங்களைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே ஆகிப்போனது.

முனுசாமி அதற்குப் பிறகும் கனவில் வந்தான். இன்றும் எப்போதாவது வருகிறான். வரட்டும். அவன் வந்த காலையில் கூடுதலாகச் சாப்பிடுகிறேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, "எனக்குக் காலையில் இறங்காது" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் தலைக்குமேல் மூட்டை தொங்காமல் இருக்கலாம். ஆனால் உங்கள் கையை நம்பிக்கொண்டு யாராவது ஒருவர் எங்கேயாவது நின்றுகொண்டுதான் இருப்பார்.

சாம்பல் புதன்

ஒரு வருஷம் ஓடியிருக்கும். அந்தோணி காலையில் வருவதை நிறுத்தவில்லை. நான் சாப்பிடுகிறேனா என்று பார்க்கும் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் வந்து எதிரே உட்காருவான். மங்கம்மா அவனுக்கும் ஒரு வாய் கொடுப்பாள்.

அன்று அவர்களுடைய நாற்பது நாள் நோன்பின் முதல் நாள்; நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தான். கோவில் பூசை முடித்து நேராக வருகிறான். மங்கம்மா கிண்ணம் வைத்ததும் கையால் மறைத்தான்.

"வேணாம் தங்கச்சி. நாப்பது நாளு காத்தால ஒண்ணும் துன்னமாட்டேன். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கு வேண்டிகினது."

நான் அவன் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. இன்று நடுங்காது. மூன்றாம் நாள்? பத்தாம் நாள்? கொக்கி ஆடிக்கொண்டு இறங்கும்போது ஒரு நொடி தாமதமாக விலகினால் போதும். நான் மேலே நின்று எவ்வளவு சரியாக லீவரைப் பிடித்தாலும், கீழே இருட்டுவது அவன் கண்ணாக இருந்தால் நான் என்ன செய்வேன்?

என் கலயத்தைக் கீழே வைத்தேன்.

"நீ துன்னாம எறங்கினா நான் விஞ்ச தொடமாட்டேன்."

"சாமி விசயம்டா. வெளையாடாத."

"நான் வெளையாடல. எனுக்குப் பயமா கீது அந்தோணி."

அவனுக்குக் கோபம் வந்தது. வெளியே போக எழுந்தான். வாசல்வரை போய் நின்றான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. மங்கம்மாதான் பேசினாள்.

"அண்ணே, உடம்பால ஒழைக்கிறவங்க காத்தால துன்னலாம்னு உங்க சாமியாரே சொல்றாராமே. உங்க வூட்ல அக்கா சொல்லிச்சி. வேண்டினத வுட வேணாம். காத்தால துன்னுங்க, ராச்சோத்த சாமிக்கு வுட்டுடுங்க. ராத்திரி உங்க தல மேல மூட்ட தொங்காது."

அந்தோணி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாம்பல் அவன் புருவத்தில் உதிர்ந்தது. பிறகு திரும்பி வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவை போட்டுக்கொண்டான். மங்கம்மா கூழை ஊற்றினாள்.

அவன் குடித்தான். நான் அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் கலயம் போனதும் கீழே வைத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தான்.

"போதுமாடா?" என்றான்.

"இன்னும் ஒரு வாய்," என்றேன்.